டிராமாவா, ட்ராமாவா? — மனக்காயம் பற்றிய எண்ணம் மாறி வந்த வரலாறு: ஒரு விமரிசனப் பார்வை

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் கட்டுரை கேட்டபோது, நீலகேசி, வளையாபதி என்று வழக்கம்போல் ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை பொருள் வேறு. நான் மருத்துவனும் அல்லன், உளநூலைக் கல்லூரியில் படித்தவனும் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து மாமாவோடு பிழைக்க வந்து, நாற்பது வருஷத்துக்கு மேலாகப் போபாலில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்பவன். ராத்திரி கடை கட்டிய பிறகு கிடைத்ததைப் படிப்பவன். ஆகவே பிழை இருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தப் பொருளை எடுக்கக் காரணம் ஒரு பழைய சிட்டை. சில வருஷங்களுக்கு முன் கடை மச்சைச் சுத்தம் செய்தபோது 1985-ம் வருஷத்துச் சம்பளச் சிட்டை கையில் கிடைத்தது. என் கையெழுத்து. ஒரு வேலையாள் பெயருக்கு நேரே ஏழு இடத்தில் பிடித்தம் போட்டு, ‘காரணமின்றிக் கடையை விட்டு ஓடியது’ என்று எழுதியிருக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சொல்லும் பழமொழியும்

நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரிகளில் ‘ட்ராமா சென்டர்’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். ட்ராமா என்பது கிரேக்கச் சொல். காயம் என்று பொருள். உடம்பில் பட்ட காயத்துக்கு இருந்த சொல்லை மனத்தில் பட்ட காயத்துக்கும் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். நம் ஜனங்கள் காதில் அது ‘டிராமா’ என்றும் விழுகிறது. டிராமா என்றால் நாடகம், நடிப்பு. காயமா, நடிப்பா? இந்த ஒரு கேள்விதான் நூற்றைம்பது வருஷமாக இந்தத் துறையை ஆட்டிப் படைக்கிறது என்பதே என் கட்டுரையின் சாரம். அறிவு வளர வளர உண்மை தெரிந்தது என்று பாடநூல்கள் படிக்கட்டுப்போல் சொல்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கஷ்டப்பட்டவன் பேச்சை நம்பினால் யார் பணம் கொடுக்க வேண்டும், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் மருத்துவமும் முன்னே போயிருக்கிறது, பின்னே வந்திருக்கிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்றார்கள். ‘சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது’ என்றார்கள். பயந்தவன் எதைக் கண்டாலும் திடுக்கிடுவான் என்பது முதலாவது. பட்ட இடத்தை மறுபடி நெருங்க மாட்டான் என்பது இரண்டாவது. இன்றைய மனநல மருத்துவர் அதிர்ச்சி நோய்க்குச் சொல்லும் அடையாளங்களில் இரண்டு இந்தப் பழமொழிகளிலேயே அடங்கிவிட்டன. வள்ளுவரும் தீயால் வந்த புண்ணையும் நாவால் வந்த வடுவையும் ஒப்பிட்டு, ஆறாதது எது என்று காட்டினார். ஈழத்துத் தமிழர் உளநல எழுத்துக்களில் வழங்கும் ‘மனவடு’ என்ற சொல் எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்காக நம் ஊரில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பேய் பிடித்தது என்று பெண்களை வேப்பிலையாலும் சாட்டையாலும் அடித்ததும் நம் ஊரில்தான்.

ரயில் கம்பெனியும் முதுகெலும்பும்

மருத்துவ வரலாறு ரயிலில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ரயில் ஓட ஆரம்பித்தபின் விபத்துகளும் பெருகின. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள், சில நாள் கழித்துத் தூக்கமில்லை, கை நடுங்குகிறது, வேலை ஓடவில்லை என்று வந்தார்கள். நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1866-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், ரயில் குலுக்கலில் முதுகுத்தண்டு உள்ளே பாதிக்கப்படுகிறது என்று நூல் எழுதினார். ‘ரயில்வே முதுகு’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

இதற்கு மறுப்பு எழுதியவர் ஹெர்பர்ட் பேஜ். அவர் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியின் மருத்துவர். முதுகில் ஒரு பழுதும் இல்லை. வெறும் பயமே இத்தனை அறிகுறிகளையும் உண்டாக்கும் என்று 1883-ல் எழுதினார். முதுகெலும்பில் பழுது இல்லையென்றால் கம்பெனிக்குச் செலவு குறையுமல்லவா? பாருங்கள், இன்று நாம் பெரிதாகப் பேசும் ‘பயமே காயமாகும்’ என்ற கருத்து, அதிலே ஒரு பங்கு, கொடுக்க வேண்டிய பணத்தைக் குறைக்க நினைத்தவர் பக்கத்திலிருந்து பிறந்திருக்கிறது! வியாபாரியாகிய எனக்கு இது ஆச்சரியமில்லை. எதிர்க்கட்சிக்காரன் கணக்கைச் சரிபார்க்கும்போதுதான் நம் கணக்கில் நாமே காணாத உண்மையும் வெளிப்படும்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ரயில் விபத்தில் சிக்கினார். அவர் இருந்த பெட்டி பாலத்தில் பாதி தொங்கியது. இறங்கி மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். அவருக்குப் பெரிய காயமில்லை. ஆனால் அதற்குப்பின் ரயிலில் ஏறினால் நடுக்கம். சரியாக ஐந்து வருஷம் கழித்து அதே ஜூன் 9-ல் காலமானார். அவரை யாரும் நடிக்கிறார் என்று சொல்லவில்லை. அவர் உலகம் அறிந்த எழுத்தாளர். கம்பெனி மேல் வழக்கும் போடவில்லை. பணம் கேட்காதவனுடைய நடுக்கம் உண்மை, பணம் கேட்டவனுடைய நடுக்கம் நாடகம்!

வியன்னாவில் பெண்கள், பிரான்சில் சிப்பாய்கள்

1896-ல் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட் ஒரு சொற்பொழிவில், ஹிஸ்டீரியா என்று தன்னிடம் வந்த பதினெட்டுப் பேருடைய நோய்க்கும் அடியில் சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமை இருப்பதாகச் சொன்னார். அடுத்த வருஷமே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கொள்கையை விட்டுவிட்டதாக எழுதினார். ஏன் விட்டார் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வாதம் ஓயவில்லை. பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் சொன்னது உண்மையென்றால், பெரிய மனிதர்கள் பலர் குற்றவாளிகள் ஆவார்கள். அந்த முடிவை அந்த ஊரும் காலமும் தாங்கியிராது என்பது மட்டும் தெளிவு.

அடுத்தது முதல் உலகப் போர். 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ ஏட்டில் அச்சேற்றினார். குண்டுச் சத்தத்தில் பார்வை போனவர், ஞாபகம் போனவர் என்று மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். முதலில் குண்டின் அதிர்வு மூளையைத் தாக்குகிறது என்று நினைத்தார்கள். குண்டு பக்கத்தில் விழாதவர்களுக்கும் அதே நோய் வந்தபோது சந்தேகம் வந்தது. சந்தேகம் என்றால், ‘மனத்துக்கும் காயம் உண்டுபோல’ என்ற சந்தேகம் சிலருக்கு. ‘கோழை, நடிக்கிறான்’ என்ற சந்தேகம் பலருக்கு. போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 சிப்பாய்களுக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் ஷெல் ஷாக் நோயாளிகள் இருந்தார்கள் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். தொண்ணூறு வருஷம் கழித்து வந்த ரசீது!

இதிலும் தராதரம் உண்டு. அதிகாரிக்கு வந்தால் நரம்புத் தளர்ச்சி. சாதாரணச் சிப்பாய்க்கு வந்தால் ஹிஸ்டீரியா. அதிகாரிகளுக்கு எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட்டில் தனி மருத்துவமனை. அங்கே பரிவோடு பேசி வைத்தியம் செய்து புகழ் பெற்ற டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அதற்கு முன் 1901–02-ல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, 1906-ல் அவர்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியவர் என்பது தமிழர்களுக்குச் சுவையான செய்தி. அந்நியரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட பழக்கம் அவருக்குப் பின்னாலும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கதை வேறு. அவர்கள் கையில் குண்டுக் காயத்தோடு வந்தபோது, வீடு திரும்புவதற்காகத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று மேலிடம் சந்தேகித்தது. பிரைட்டனில் இந்தியர்களுக்கான கிச்சனர் மருத்துவமனையை நடத்திய புரூஸ் சீட்டன் என்ற கர்னல் 1915-ல் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்று எழுத வேண்டியதாயிற்று. கண்ணால் காணும் காயத்துக்கே இந்தக் கதி என்றால், காணாத காயத்தை யார் கேட்டார்கள்?

ஜெர்மனியின் தீர்ப்பும் அதன் நீண்ட நிழலும்

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று ஜெர்மனியில் இருக்கிறது. 1884-ல் அங்கே தொழிலாளர்களுக்கு விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1889-ல் ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற நரம்பியல் மருத்துவர், விபத்து அதிர்ச்சியாலேயே உண்டாகும் நரம்பு நோய் உண்டு என்று நூல் எழுதினார். தொழிலாளர்கள் பென்ஷன் கேட்டார்கள். உடனே மற்ற மருத்துவர்கள் ‘பென்ஷன் நோய்’ என்று கேலிப் பெயர் வைத்தார்கள். பணம் கிடைக்கும் என்ற ஆசைதான் நோய். பணத்தை நிறுத்தினால் நோயும் நிற்கும் என்றார்கள். போரின் நடுவே 1916-ல் மியூனிக் மாநாட்டில் ஓப்பன்ஹைம் தோற்கடிக்கப்பட்டார். 1926-ல் அரசின் காப்பீட்டு அலுவலகம், இந்த நோய்க்கு இனி நஷ்டஈடு கிடையாது என்று தீர்ப்பே கொடுத்துவிட்டது.

சாதாரணமாகப் பார்த்தால் இது ஒரு அலுவலகக் கணக்கு. அதன் விளைவு முப்பது வருஷம் கழித்துத் தெரிந்தது. ஹிட்லரின் முகாம்களிலிருந்து உயிர் பிழைத்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க மேற்கு ஜெர்மனி 1956-ல் விரிவான சட்டம் இயற்றியது. உடல்நலக் கெடுதிக்குப் பென்ஷன் வேண்டுமானால் சம்பாதிக்கும் சக்தியில் 25 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். அது துன்புறுத்தலால்தான் வந்தது என்றும் காட்ட வேண்டும். பல மருத்துவ வல்லுநர்கள் பழைய பாடத்தையே ஒப்பித்தார்கள். நல்ல மனம் எதையும் தாங்கி மீளும். மீளவில்லையென்றால் அது பிறவிக் கோளாறு. ஆகவே விண்ணப்பம் தள்ளுபடி. குடும்பத்தையே பறிகொடுத்தவர்களுக்கு எழுதப்பட்ட குறிப்பு இது. நியூயார்க்கில் வில்லியம் நீடர்லாண்ட் என்ற மருத்துவர் 1960-களில் ‘பிழைத்தவர் நோய்’ என்று பெயரிட்டு இதை எதிர்த்தார். குர்ட் ஐஸ்லர் 1963-ல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே, ஒரு மனிதன் தன் குழந்தைகளில் எத்தனை பேர் கொல்லப்படுவதை நோயில்லாமல் தாங்கினால் அவனை இயல்பானவன் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற கருத்தில் கேட்டார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1980: பழி இடம் மாறுகிறது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 1952-ல் அதிர்ச்சிக்கு ஒரு பெயர் இருந்தது. 1968-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த சமயம்! திரும்பி வந்த சிப்பாய்கள் 1970 முதல் நியூயார்க்கில் கூடி உட்கார்ந்து தங்களுக்குள் பேசினார்கள். ராபர்ட் லிஃப்டன், சைம் ஷட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் கூடவே உட்கார்ந்தார்கள். அதே காலத்தில் பெண்கள் இயக்கமும் எழுந்தது. 1974-ல் ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற இருவர், பாஸ்டன் நகர மருத்துவமனைக்குப் பலாத்காரத்துக்கு உள்ளாகி வந்த பெண்களிடம் நேரில் பேசி, அவர்களுக்கும் போர்ச் சிப்பாய்க்கு வருவது போன்ற அறிகுறிகள் வருவதைக் காட்டினார்கள்.

இதன் பலனாக 1980-ல் மூன்றாம் பதிப்பில் ‘பி.டி.எஸ்.டி.’ இடம் பெற்றது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று தமிழில் சொல்கிறார்கள். நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருதல், அந்த இடத்தையும் பேச்சையும் ஒதுக்குதல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், தூக்கமின்மை ஆகியவை அடையாளங்கள். இதில் பெரிய மாற்றம் அடையாளங்களில் இல்லை. பழி இடம் மாறியதில் இருக்கிறது. அதுவரை ‘இவனிடம் என்ன கோளாறு?’ என்று கேட்டார்கள். அதற்குப்பின் ‘இவனுக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய ‘அதிர்ச்சியும் மீட்சியும்’ என்று தமிழில் சொல்லத்தக்க நூல், இந்த அறிவு ஒருமுறை நினைவுக்கு வருவதும் மறுமுறை மறக்கப்படுவதுமாக இருந்தது என்று சொல்கிறது. ஏதாவது ஒரு மக்கள் இயக்கம் துணை நின்றபோதுதான் இது தலையெடுத்தது என்பது அவர் வாதம். நான் படித்தவற்றில் மிகச் சிறந்தது அந்நூல். ஆனால் ஒரு குறை சொல்வேன். ஹிஸ்டீரியா, போர், வீட்டுக்குள் வன்முறை என்ற மூன்றையும் எடுத்துக்கொண்ட அவர், ரயில் கம்பெனிக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் உரிய இடம் தரவில்லை. மறதிக்கு அரசியல் மட்டும் காரணமில்லை, பேரேடும் காரணம்.

போபால்

இப்போது அந்தச் சிட்டைக்கு வருகிறேன். 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பின்னாக, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து நாற்பது டன் அளவு மெதில் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. அப்போது எனக்கு 24 வயது. பி.எச்.இ.எல். பக்கம் பிப்லானியில் உறவினர் வீட்டில் படுத்திருந்தோம். காற்று எங்கள் பக்கம் வரவில்லை. கடை மட்டும் பழைய நகரில். கடைப் பையன் வீடு ஆலைக்குப் பக்கத்துச் சோலாப் பகுதியில். யாரோ மிளகாய் எரிக்கிறார்கள் என்றுதான் அன்றிரவு ஜனங்கள் முதலில் நினைத்தார்கள். அவன் தங்கை அந்த ஓட்டத்தில் போய்விட்டாள். டிசம்பர் 16-ல், மிச்சமிருந்த வாயுவை ஆலையை ஓட்டியே தீர்க்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது லட்சக்கணக்கான பேர் மறுபடி ஊரைக் காலி செய்தார்கள். அவனும் போனான். ஜனவரியில் வேலைக்குத் திரும்பினான்.

பக்கத்து டீக்கடையில் மிளகாய் வறுத்தால் போதும், கையிலிருந்த அண்டாவைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடுவான். மூச்சு வாங்கும், வாந்தி எடுப்பான். பொழுது சாய்ந்தால் கடைக்குள் நிற்க மாட்டான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மார்பு சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் மாமா நல்ல மனிதர்; தினமும் கணக்கு முடிக்காமல் தூங்காதவர். அவர் சொன்னார்: “டிராமா பண்றான்டா. நஷ்டஈடு வரப்போவுதில்ல, அதுக்கு இப்பவே ஒத்திகை பாக்கறான். பிடித்தம் போடு, சரியாயிடும்.” நான் போட்டேன். ஏழு முறை. அந்தப் பையன் ஒருதரம் என்னிடம், “பையா, நான் வேணும்னு ஓடல, கால் தானா ஓடுது” என்று இந்தியில் சொன்னான். அதையும் நான் ஒத்திகை என்றே எடுத்துக்கொண்டேன்.

1926-ல் ஜெர்மனி அலுவலகம் சொன்னதையே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேள்விப்படாமல், ஒரு பாத்திரக் கடையில் நாங்கள் சொல்லியிருக்கிறோம். இந்தச் சந்தேகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பணம் நடுவில் வந்தால் தானே முளைத்துவிடும்.

ஊர் முழுக்க இதே நிலைதான். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் மருத்துவர்கள் ஓடி ஓடி உழைத்தார்கள். மனத்தை எவரும் நினைக்கவில்லை. மனநல மருத்துவர் குழு வந்து பார்க்க 1985 பிப்ரவரி ஆகிவிட்டது. லக்னோ மருத்துவக் கல்லூரிக் குழு வாயுப் பகுதிச் சிகிச்சை நிலையங்களில் ஆராய்ந்தபோது, வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மனநோய் இருந்தது, பெரும்பாலோர் பெண்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்து டாக்டர் ஆர். சீனிவாச மூர்த்தியும் சகாக்களும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஊர் முழுக்க மனநல மருத்துவரை வைக்க முடியாது என்று தெரிந்து, சாதாரண மருத்துவர்களுக்கே கையேடு எழுதிப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளி சொல்வதை எப்படிக் கேட்பது என்பதும் அதில் ஒரு பாடம். இந்தியாவில் பேரழிவுக்குப் பின் மனநலம் என்ற துறைக்கு அதுவே பெரிய தொடக்கம்.

ஆனால் பேரேட்டில் அது ஏறவில்லை. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. தரம் பிரித்தபோது நுரையீரலும் கண்ணும் முன்னே நின்றன, மனம் பின்னே போயிற்று. மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். பிறகு அதே அளவு இன்னொரு முறை. கூடுதல் நஷ்டஈடு கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

இதற்கு முன்பும் நம் நாடு இப்படித்தான் மௌனமாக இருந்தது. 1947 பிரிவினையில் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் இடம் பெயர்ந்தார்கள். அந்தக் காலத்து மனநல மருத்துவம் அதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே எழுதவில்லை. ஊர்வசி புட்டாலியா 1998-ல் பிழைத்தவர்கள் வாய்மொழியைத் தொகுத்தார். மருத்துவர்கள் சஞ்சீவ் ஜெயினும் அலோக் சரினும் 2018-ல்தான் இந்த மௌனத்தைப் பற்றியே ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார்கள். போபாலில் பைராகட் பக்கம் சிந்தி அகதிகள் வந்து குடியேறிய இடம். எனக்குச் சரக்கு கொடுத்த ஒரு சிந்திப் பெரியவர், ஒரு மாதச் செலவுக்கு ரொக்கத்தை எப்போதும் இடுப்பிலேயே கட்டியிருப்பார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். கஞ்சம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மறுபக்கம்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இது ஒருபக்கக் கணக்கு. ஆலன் யங் என்ற மானிடவியலார் 1995-ல், பி.டி.எஸ்.டி. என்பது எக்காலத்துக்கும் உரிய நோயன்று. ஒரு காலத்தின் மருத்துவ முறைகளும் எழுத்துகளும் சேர்ந்து உருவாக்கியது என்று வாதிட்டார். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் டெரிக் சம்மர்ஃபீல்ட் 1999-லும் 2001-லும் எழுதிய கட்டுரைகளில், போரில் அடிபட்ட ஏழை நாட்டு ஜனங்கள் மேல் மேல்நாட்டு நோய்ப் பெயரை ஒட்டுகிறார்கள், அவர்கள் கேட்பது நியாயமும் வீடும் வேலையும், இவர்கள் கொடுப்பது ஆலோசனை என்று கண்டித்தார்.

இதில் பாதி எனக்கு உடன்பாடு. நிகழ்ச்சி நடந்த உடனே ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசச் செய்தால் நோய் வராது என்று 1980-களில் ஒரு முறை பரவியது. பின்னால் செய்த ஆய்வுகள், அப்படி ஒரே தடவை பேசவைப்பது நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று காட்டின. 2004 டிசம்பர் சுனாமியில் நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் ஆலோசகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியதைப் படித்திருக்கிறோம். அதன் பிறகு 2007-ல் உலக அளவில் வகுத்த வழிகாட்டி, முதலில் பாதுகாப்பு, சாப்பாடு, தண்ணீர், பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்தல், அப்புறம்தான் மற்றது என்கிறது. பெரும்பாலோர் நாளடைவில் தாமாகவே தேறிவிடுகிறார்கள் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-ல் போரின் மனவடுக்களைப் பற்றி நூல் எழுதியவர். பின்னர் சமூகத்துக்கே நேரும் காயத்தைப் பற்றியும் எழுதினார். தனி ஆளுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் போதாது. ஊருக்கு ஊர்மேல் இருந்த நம்பிக்கை, சடங்கு, உறவு எல்லாம் உடைந்திருக்கும்போது அவற்றையும் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவர் போக்கு. மேல்நாட்டு நூல்களில் நான் காணாத நிறைவு அதில் இருக்கிறது.

பாதி உடன்பாடில்லை. நோயின் பெயரை மனிதன் செய்தான் என்பது சரி. நடுக்கத்தை யாரும் செய்யவில்லை. என் கடைப் பையனுக்கு அந்த நான்கெழுத்துப் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பிடித்தம் போட்டிருக்க மாட்டேன். ஒரு பெயரால் அந்த அளவுக்காவது பயன் உண்டு.

இன்னொரு பக்கம், இன்று அந்தச் சொல்லை மலிவாகச் செலவழிக்கிறார்கள். கணக்குப் பரீட்சை கடினமாக இருந்தால் ட்ராமா என்கிறாள் என் பேத்தி. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், உண்மையில் அடிபட்டவன் பேச்சு மறுபடி டிராமா ஆகிவிடும் என்பது என் பயம்.

முடிவுரை

இன்றைய நிலை முன்னைவிட நல்லதுதான். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நீண்ட நாள் கொடுமை அனுபவித்தவர்களுக்கு வரும் சிக்கலான அதிர்ச்சி நோயைத் தனியாக ஏற்றிருக்கிறது. நம் நாட்டில் 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2017-ல் மனநலச் சட்டமும் வந்தது. ஆனால் வரலாறு முழுக்க ஒன்றைப் பாருங்கள். சந்தேகம் எப்போதும் யார் மேல் விழுந்தது? அதிகாரி மேல் இல்லை, சிப்பாய் மேல். வெள்ளைக்காரன் மேல் இருந்ததைவிட இந்தியன் மேல். ஆண்மேல் இருந்ததைவிடப் பெண்மேல். முதலாளி மேல் இல்லை, கூலிக்காரன் மேல். பொய்க் கணக்கு எழுதுபவர்கள் இல்லையா என்று கேட்டால், உண்டு. வியாபாரியாகிய எனக்கு அது தெரியாதா? ஆனால் பொய்க் கணக்கு எழுதுபவன் பெரும்பாலும் எழுதத் தெரிந்தவன். எழுதத் தெரியாதவனைத்தான் நாம் அதிகம் சோதிக்கிறோம்.

அந்தப் பையன் 1986-ல் வேலையை விட்டுப் போனான். அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை. சிட்டை கிடைத்தபின் சோலாப் பக்கம் இரண்டு மூன்று தடவை போய் விசாரித்தேன், தெரிந்தவர் இல்லை. போபாலில் எங்கள் திகம்பரச் சமணர்கள் பர்யூஷண நோன்பு முடிந்ததும் க்ஷமாவாணி நாளில் ஒருவரையொருவர் பார்த்து மன்னிப்புக் கேட்பார்கள். மனத்தாலும் மொழியாலும் மெய்யாலும் செய்த பிழைகளைச் சொல்லிக் கேட்பது வழக்கம். நேரில் இல்லாதவனிடம் கேட்பது எப்படி என்று தெரியவில்லை. ஏழு நாள் பிடித்தம் 1985-ம் வருஷத்துக் கணக்கில் சொற்பத் தொகைதான். அதைக் கொடுத்துத் தீர்க்க ஆளில்லை.

நம் சங்கத்து இளைஞர்களில் பலர் மருத்துவர்களாக, கம்பெனிகளில் பணியாளர் துறை அதிகாரிகளாக, வக்கீல்களாக இருக்கிறீர்கள். உங்கள் மேஜைக்கு முன்னால் ஒருவன் வந்து, எக்ஸ்ரேயில் தெரியாத ஒன்றைச் சொல்வான். சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். பிடித்தம் போடுவதானால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.